ஒற்றைக்கண் மாலுமி பாப்பாயின் பண்பாட்டுத் தடம்

பாப்பாய் என்ற படக்கதை மாலுமி 1929ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் முதன்முதலாகத் தோன்றினான். அவன் வந்து சேர்ந்த 'திம்பிள் தியேட்டர்' என்ற படத்தொடர் அதற்குள் ஒன்பது ஆண்டுகளைக் கடந்திருந்தது. அந்தத் தொடருக்கென்று நாயகனும் நாயகியும் இருந்தார்கள். ஒரு கடற்பயணக் கதைக்குக் கப்பலோட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டதால் வரையப்பட்டவன்தான் பாப்பாய். பயணம் முடிந்ததும் விடைபெற வேண்டிய அவன், தொடரையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அங்கிருந்து திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் வீடியோ விளையாட்டுக்கும் போனான். டெக்சாஸ் மாநிலத்துக் கீரை விவசாயிகள் அவனுக்குச் சிலை வைத்தார்கள். மருத்துவர்கள் ஒரு தசைக் காயத்துக்கு அவன் பெயரைச் சூட்டினார்கள்.

இவ்வளவு பெரிய தடத்தில் அவனைப் படைத்தவரின் பங்கு எவ்வளவு, திரைப்படக்காரர்கள் சேர்த்தது எவ்வளவு, மக்கள் தாமாகக் கற்பித்துக்கொண்டது எவ்வளவு என்பது ஆராயத்தக்க கேள்வி. வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பாப்பாய்க்குப் புகழ் தந்தது கீரை. அவனை நிலைக்க வைத்ததோ கீரை வருவதற்கு முன்பே அவனிடம் இருந்த குணம்.

சீகரும் செஸ்டர் ஊரும்

பாப்பாயைப் படைத்த எல்சி கிரிஸ்லர் சீகர் 1894 டிசம்பர் 8 அன்று இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செஸ்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஊரின் ஆப்பரா ஹவுஸ் அரங்கில் ஊமைப்படங்களைத் திரையிடும் கருவியை இயக்குவதும், படம் ஓடும்போது டிரம் வாசிப்பதும் இளமையில் அவருடைய வேலை. படம் வரைவதை அஞ்சல்வழிப் பாடமாகக் கற்றார். இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பிய பிறகு, நள்ளிரவுக்கு மேல் எண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து விடியற்காலை மூன்று மணி வரை வரைந்து பழகினார். பின்னர் சிகாகோவுக்குப் போய், 1916இல் சார்லி சாப்ளினை வைத்து வந்த ஒரு படத்தொடரை வரைந்தார். 1919 டிசம்பரில் ஹெர்ஸ்ட் பத்திரிகைக் குழுமத்துக்காக 'திம்பிள் தியேட்டர்' தொடங்கியது.

அந்தத் தொடரின் பாத்திரங்களுக்கு எண்ணெய்ப் பெயர்கள். நாயகி ஆலிவ் ஆயில். அவளுடைய அண்ணன் காஸ்டர் ஆயில், அதாவது விளக்கெண்ணெய். ஆலிவின் காதலன் ஹாம் கிரேவி என்ற சோம்பேறி. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவர்களைச் சுற்றியே நகைச்சுவை நடந்தது.

செஸ்டர் மக்கள் பாப்பாயைத் தங்கள் ஊர்க்காரன் என்றே இன்றும் சொல்கிறார்கள். சீகரின் இளமைக் காலத்தில் அங்கே ஃபிராங்க் ஃபீகல் என்பவர் இருந்தார். மோவாய் முன்தள்ளியிருக்கும், வாயில் எப்போதும் சுங்கான், கைச்சண்டையில் பேர்போனவர். பாப்பாயின் தோற்றத்துக்கு அவரே மூலம் என்பது ஊர்வழக்கு. கடை நடத்திய உயரமும் ஒல்லியுமான ஒரு பெண்மணி ஆலிவ் ஆயிலுக்கும், ஆப்பரா ஹவுஸ் உரிமையாளர் வில்லியம் ஷுகர்ட் பர்கர் பிரியன் விம்பிக்கும் மாதிரி என்று சொல்வார்கள். ஃபீகல் 1947இல் இறந்தார். 1996இல் அவருடைய கல்லறையில் நடப்பட்ட கல்லில் பாப்பாயின் உருவம் பொறிக்கப்பட்டது.

முதல் கதையும் முதல் வலிமையும்

பாப்பாய் அறிமுகமான கதை சூதாட்டத்தைப் பற்றியது. காஸ்டர் ஆயிலிடம் பெர்னிஸ் என்ற அபூர்வக் கோழி ஒன்று வந்து சேர்கிறது. அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் வரும். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி, டைஸ் தீவு என்ற சூதாட்டத் தீவுக்குப் போகக் காஸ்டரும் ஹாம் கிரேவியும் கப்பல் வாங்குகிறார்கள். ஓட்டத்தான் ஆள் இல்லை. துறைமுகத்தில் மாலுமித் தொப்பியோடும் கையில் நங்கூரப் பச்சையோடும் நிற்கிற ஒருவனைப் பார்த்து, நீ மாலுமிதானா என்று காஸ்டர் கேட்கிறான். பின்னே மாடு மேய்க்கிறவனாகவா தெரிகிறேன் என்ற பொருளில் எதிர்க்கேள்வி வருகிறது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் பல கைகளில் வளர்ந்த பாத்திரத்தின் குணம் அந்த ஒரு பதிலிலேயே அடங்கியிருக்கிறது: கூச்சமில்லாத நேர்மை, கொச்சைப் பேச்சு, யாருக்கும் குனியாத நிமிர்வு.

கதையின் முடிவில் எதிரிகள் பாப்பாயைப் பல முறை சுடுகிறார்கள். குற்றுயிராகக் கிடக்கும் அவன் கப்பலின் அடித்தளத்தில் இரவு முழுவதும் அந்தக் கோழியின் தலையைத் தடவியபடி இருந்து உயிர் பிழைக்கிறான். அவனுடைய முதல் வலிமை கீரையிலிருந்து வரவில்லை என்பது பலர் அறியாத செய்தி. அதிர்ஷ்டக் கோழி பாதி காரணம், அடிபட்டாலும் விழ மறுக்கும் பிடிவாதம் மீதி.

பயணம் முடிந்ததும் சீகர் அவனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. அவனைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்டார்கள், சீகரும் இசைந்தார். விரைவில் ஹாம் கிரேவி ஒதுங்கிக்கொள்ள, ஆலிவ் பாப்பாயின் காதலியானாள். ஒரு படைப்பாளி துணைப்பாத்திரமாக எண்ணிய ஒருவனை வாசகர்கள் நாயகனாக்கியது பத்திரிகைப் படக்கதை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. வேலையும் சேமிப்பும் போய் நின்ற மக்களுக்கு, படிப்பும் பணமும் அழகும் இல்லாமல் தன் இரண்டு கைகளை மட்டும் நம்பி நிற்கும் ஒரு கடலோடி ஆறுதலாக இருந்ததில் வியப்பில்லை.

சீகரின் பாப்பாய்

சீகர் வரைந்த பாப்பாய் திரையில் பின்னர் பிரபலமான பாப்பாயைவிட ஆழமானவன். அவன் முரடன், ஆனால் நியாயவான். கையில் காசு வந்தால் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவான். 1933இல் ஒரு பார்சலில் வந்து சேர்ந்த ஸ்வீபீ என்ற கைக்குழந்தையைத் தாயும் தந்தையுமாக இருந்து வளர்க்கிறான். சொற்களைச் சிதைத்துப் பேசுவான், இலக்கணம் தெரியாது. தான் எப்படியோ அப்படித்தான் இருப்பேன் என்பதே அவன் சொல்லும் ஒரே தத்துவம்.

அவனைச் சுற்றி சீகர் ஒரு முழு உலகத்தையே உண்டாக்கினார். 1931இல் வந்த விம்பி படித்தவன், நாசூக்காகப் பேசுபவன், பெருந்தீனிக்காரன். இன்று ஒரு பர்கர் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை காசு தருவதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறவன். படித்த ஏமாற்றுக்காரனையும் படிக்காத உத்தமனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதில் சீகரின் சமூகப் பார்வை வெளிப்படுகிறது. கடல் சூனியக்காரி, கூன் என்ற பூதாகார இனத்தைச் சேர்ந்த ஆலிஸ், 1936இல் வந்த யூஜின் என்ற மாய விலங்கு, பாப்பாயின் பொல்லாத கிழத்தந்தை பூப்டெக் பாப்பி ஆகியோர் இந்த உலகின் மற்றக் குடிமக்கள். பாப்பாய் தானே ஒரு நாட்டை உருவாக்கி ஆள முயலும் கதைகளில் ஆட்சி, போர், பொருளாதாரம் எல்லாம் கிண்டலுக்கு உள்ளாகின்றன.

சீகர் 1938 அக்டோபர் 13 அன்று 43 வயதில் இறந்தார். பாப்பாயை அவர் வரைந்தது பத்தாண்டுக்கும் குறைவு. அவருக்குப் பின் தொடர் பல கைகளுக்கு மாறியது. பதின்வயதிலேயே சீகருக்கு உதவியாளராகச் சேர்ந்த பட் சாகெண்டார்ஃப் 1959 முதல் அதை வரைந்து, 1994இல் இறக்கும் வரை ஞாயிறு இதழ்ப் பக்கங்களைத் தொடர்ந்தார். 1986இல் தினசரித் தொடரை ஏற்ற பாபி லண்டன், கருக்கலைப்பு விவாதத்தைத் தொட்ட ஒரு கதைக்காக 1992இல் நீக்கப்பட்டார். ஹை ஐஸ்மன் 1994 முதல் 2022 வரையும், அதன்பின் ராண்டி மில்ஹாலண்டும் ஞாயிறுப் பக்கங்களை வரைந்தனர். சீகரின் மூலக் கதைகள் 2006 முதல் 2012 வரை ஆறு தொகுதிகளாக மறுபதிப்பு கண்டபோது, திரைப் பாப்பாயை மட்டுமே அறிந்திருந்த தலைமுறை மூலப் பாப்பாயைக் கண்டுகொண்டது.

திரைக்கு வந்த மாலுமி

நியூயார்க்கில் கார்ட்டூன் கூடம் நடத்திய மாக்ஸ் ஃபிளைஷரும் அவர் தம்பி டேவ் ஃபிளைஷரும் பாப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் படம் 1933 ஜூலை 14 அன்று வெளியானது. அப்போது புகழின் உச்சியில் இருந்த கார்ட்டூன் நாயகி பெட்டி பூப் பெயரில்தான் அது வந்தது. பெட்டி அதில் ஒரு நடனம் மட்டும் ஆடிவிட்டுப் போகிறாள்.

அந்தப் படம் பாப்பாயை அறிமுகப்படுத்தும் விதம் கவனிக்கத்தக்கது. அச்சு இயந்திரம் ஓடுகிறது, பாப்பாய் திரை நட்சத்திரமாகிவிட்டான் என்ற தலைப்புச் செய்தி வெளிவருகிறது, செய்தித்தாளிலிருக்கும் படம் அசையத் தொடங்குகிறது. தளத்தில் பாடிக்கொண்டே நடக்கும் பாப்பாய், எதிர்ப்படும் பெரிய நங்கூரத்தை ஒரு குத்து விடுகிறான், அது சிறுசிறு தூண்டில் முட்களாக உதிர்கிறது. பெரிய கடிகாரத்தைக் குத்தினால் அது சின்னக் கடிகாரங்களாகிறது. பிற்பகுதியில் முரடன் புளூட்டோ ஆலிவைத் தண்டவாளத்தில் கட்டிப்போட, பாப்பாய் கீரை டப்பாவைத் திறந்து விழுங்கி, வருகிற ரயிலையே குத்தி நிறுத்துகிறான். பின்னர் வந்த நூற்றுக்கணக்கான படங்களின் அமைப்பு முழுவதும் இந்த ஏழு நிமிடத்துக்குள் உருவாகிவிட்டது.

புளூட்டோ சீகரின் தொடரில் 1932இல் ஒரே ஒரு கதையில் வந்துபோன கடற்கொள்ளையன். அவனை நிரந்தர எதிரியாக்கியவர்கள் ஃபிளைஷர் சகோதரர்கள். கீரை சீகரிடம் எப்போதாவது வரும் வேடிக்கை, அதை ஒவ்வொரு படத்தின் உச்சக்கட்டமாக்கியதும் அவர்களே. சாமி லெர்னர் எழுதிய பாடல் அவனுடைய அடையாள இசையானது.

குரலும் ஒரு முக்கியப் பங்களிப்பு. முதலில் பில்லி காஸ்டெல்லோ குரல் கொடுத்தார். 1935 முதல், அதே கூடத்தில் இடைப்படங்கள் வரைந்துகொண்டிருந்த ஜாக் மெர்சர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அந்நாளில் ஃபிளைஷர் கூடத்தில் படத்தை வரைந்து முடித்த பிறகே வசனம் பதிவாகும். வாய் அசையாத இடங்களிலும் மெர்சர் தம் போக்கில் எதையோ முணுமுணுப்பார். சுங்கானைக் கடித்தபடி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பாப்பாய் இப்படித்தான் பிறந்தான். ஆலிவுக்குக் குரல் தந்தவர் மே குவெஸ்டல். மெர்சர் போர்ப்பணிக்குப் போயிருந்தபோது சில படங்களில் பாப்பாயின் குரலையும் அவரே கொடுத்தார்.

டிஸ்னியின் படங்கள் கிராமப்புறத்தையும் தேவதைக் கதைகளையும் நாடிய காலத்தில், ஃபிளைஷர் படங்களில் துறைமுகமும் மலிவு விடுதிகளும் நெரிசலான தெருக்களும் இருந்தன. புலம்பெயர்ந்து நியூயார்க்குக்கு வந்த யூதக் குடும்பத்தில் வளர்ந்த சகோதரர்களின் நகரம் அது. 1936இல் வண்ணத்தில் வந்த, பாப்பாய் சிந்துபாதைச் சந்திக்கும் இரட்டைச் சுருள் படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சுழலும் மேடையில் முப்பரிமாண மாதிரிக் காட்சிகளை அமைத்து, அதன்முன் வரைபடங்களை வைத்துப் படம்பிடித்த உத்தி அந்தப் படத்துக்கு ஆழத்தைத் தந்தது. மிக்கி மவுஸுக்கு ஈடாகவும் சில வேளை அதற்கு மேலாகவும் பாப்பாய் கொண்டாடப்பட்டது இந்தக் காலத்தில்தான்.

1942இல் பாரமவுண்ட் நிறுவனம் கூடத்தைத் தன்வசப்படுத்தியது. ஃபேமஸ் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் 1957 வரை படங்கள் தொடர்ந்தன. திரையரங்குக்கென எடுக்கப்பட்ட பாப்பாய்ப் படங்கள் மொத்தம் 231.

கீரையும் இரும்புக் கதையும்

பாப்பாயைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளில் மிகப் பெரியது கீரையின் இரும்புச்சத்தைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவர் தசமப்புள்ளியை இடம்மாற்றி எழுதிவிட்டார், அதனால் கீரையின் இரும்புச்சத்து பத்து மடங்கு கூடுதலாகக் கணக்கிடப்பட்டது, அதை நம்பித்தான் பாப்பாய் கீரை தின்றான் என்பது கதை. 1981இல் மருத்துவர் டி. ஜே. ஹாம்ப்ளின் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. அறிவியலில் பிழை எப்படிப் பரவுகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் வரை இது ஏறியது.

2010இல் குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் இந்தக் கதையின் வேரைத் தேடினார். தசமப்புள்ளிப் பிழைக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சீகரின் மூலப் படங்களில் பாப்பாய் கீரையைப் புகழ்வது இரும்புக்காக அல்ல, வைட்டமின் ஏ சத்துக்காக. 1932ஆம் ஆண்டு வெளியான ஒரு படக்கதையில் அவனே அதைச் சொல்கிறான். வைட்டமின்கள் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் புதுமையாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு மூடநம்பிக்கையைத் திருத்தச் சொன்ன கதையே மூடநம்பிக்கையாகிப் போனது.

உண்மை நிலவரம் இது: 100 கிராம் பச்சைக் கீரையில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலமும் பிற பொருள்களும் அந்த இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தேவையான பீட்டா கரோட்டின் அதில் நிறைய இருக்கிறது. ஆகவே சீகர் சொன்ன காரணம் சரியானதே.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் கவனிக்க வேண்டும். பாப்பாயின் கீரையைத் தமிழில் பசலைக்கீரை என்று எழுதும் வழக்கம் உண்டு. நம் வேலிகளில் தடித்த வழவழப்பான இலையோடு படரும் கொடிப்பசலை வேறு குடும்பத்துச் செடி. பாப்பாய் தின்பது கடைகளில் பாலக் என்று விற்கும் கீரை. தாவரவியல் முறைப்படி அது அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

கீரை விளைந்த ஊர்கள் பாப்பாயைத் தம் புரவலனாக ஏற்றன. உலகின் கீரைத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொண்ட டெக்சாஸ் மாநிலத்துக் கிறிஸ்டல் சிட்டியில் 1937இல் அவனுக்குச் சிலை எழுந்தது. சீகர் உயிரோடிருந்தபோதே நடந்த சிறப்பு அது. அந்த வயல்களில் குனிந்து கீரை பறித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த கூலித் தொழிலாளர்கள். உழைக்கிறவனின் கையைப் போற்றும் சிலை அவர்கள் ஊரில் நின்றது பொருத்தம்தான். ஊர் நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்க 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் அல்மா என்ற ஊரிலும் பாப்பாய்க்குச் சிலை உண்டு.

கார்ட்டூன் பார்த்துக் குழந்தைகள் காய்கறி உண்பார்களா என்பதும் சோதிக்கப்பட்டது. தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகள் பாப்பாய்ப் படம் பார்ப்பதோடு காய்கறி நடுவது, சமைப்பது போன்ற செயல்களிலும் ஈடுபட்டார்கள். எட்டு வாரங்களில் அவர்கள் உண்ணும் காய்கறி கூடியது. படம் மட்டுமே காரணம் என்று இதைக் கொள்ள முடியாது. கையால் செய்து பழகியதும் சேர்ந்துதான் பலன் தந்தது.

மொழியில் கலந்த பெயர்கள்

பாப்பாயின் உலகம் ஆங்கிலத்துக்குச் சொற்களைத் தந்திருக்கிறது. 'கூன்' என்ற சொல் முன்பே இருந்தது. ஆலிஸின் இனத்தாரால் அது பரவலாகி, 1930களின் பிற்பகுதியில் வேலைநிறுத்தங்களை உடைக்க ஏவப்பட்ட அடியாட்களைக் குறிக்கத் தொடங்கியது. தமிழில் வழங்கும் 'குண்டர்' என்ற சொல் இந்தி வழி வந்தது. இரண்டுக்கும் பொருள் நெருங்கியிருந்தாலும் வேர் வேறு. ஸ்பைக் மில்லிகனும் நண்பர்களும் 1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் நடத்திய 'த கூன் ஷோ' நிகழ்ச்சி அந்தப் பெயரைப் பாப்பாய்க் கதையிலிருந்தே எடுத்தது.

யூஜின் என்ற மாய விலங்கின் இனப்பெயர் ஜீப். எங்கும் நுழைந்து வெளிவரக்கூடிய பிராணி அது. இரண்டாம் உலகப்போரில் எல்லாப் பாதையிலும் ஓடிய ராணுவ வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் யூஜினுக்குப் பங்குண்டு என்பது பலரது கருத்து. ராணுவக் குறியீட்டு எழுத்துகளிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படியாயினும் 1936க்குப் பின் அந்தச் சொல் மக்கள் வாயில் புழங்கக் காரணம் சீகரே.

மருத்துவத்தில், மேற்கையின் இருதலைத்தசையை எலும்போடு பிணைக்கும் நாண் அறுந்தால் தசை கீழிறங்கித் திரண்டு பந்துபோல் தெரியும். அதற்குப் 'பாப்பாய் அடையாளம்' என்று பெயர். பாப்பாய்க்குத் திரண்டிருப்பது முழங்கைக்குக் கீழே. காயத்தில் திரள்வது மேலே. ஆனாலும் உலகெங்கும் எலும்பு மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரால்தான் அதை நினைவில் வைக்கிறார்கள்.

வணிகமும் விளையாட்டும்

விம்பியின் பெயரில் 1934இல் இந்தியானா மாநிலத்தில் பர்கர் கடை ஒன்று தொடங்கியது. 1954இல் அந்தப் பெயர் லண்டன் வந்து, பிரிட்டன் முழுவதும் கிளை பரப்பியது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது பெரிய உணவகத் தொடர். கடனுக்கே சாப்பிட்டவன் பெயரில் காசு வாங்கும் கடைகள் தழைத்தன. அண்மையில் சென்னைக்கும் வந்திருக்கும் பாப்பாய்ஸ் கோழி வறுவல் கடைக்கு இந்த மாலுமி மூலமல்ல. 1972இல் லூசியானாவில் அதைத் தொடங்கிய ஆல் கோப்லண்ட், 'தி ஃபிரெஞ்சு கனெக்‌ஷன்' படத்தில் வரும் பாப்பாய் டாயில் என்ற காவலரின் பெயரைச் சூட்டியதாகச் சொன்னார். ஜப்பானில் 1976இல் தொடங்கிய 'பாப்பாய்' இதழ் நகர இளைஞர்களின் உடை, பொழுதுபோக்குகளைத் தீர்மானிக்கும் செல்வாக்கைப் பெற்றது.

வீடியோ விளையாட்டு வரலாற்றில் பாப்பாயின் இடம் மறைமுகமானது, ஆனால் மிகப் பெரியது. நிண்டெண்டோ நிறுவனம் பாப்பாய், ஆலிவ், புளூட்டோ மூவரையும் வைத்து ஒரு விளையாட்டை உருவாக்க எண்ணியது. உரிமை கிடைக்கவில்லை. வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ புளூட்டோவின் இடத்தில் குரங்கையும், ஆலிவின் இடத்தில் ஓர் இளம்பெண்ணையும், பாப்பாயின் இடத்தில் மீசை வைத்த தச்சனையும் வைத்தார். 1981இல் வந்த அந்த 'டாங்கி காங்' விளையாட்டின் தச்சன்தான் பின்னாளில் மாரியோ ஆனான்.

கலை, சினிமா, தொலைக்காட்சி

மனித சக்தியை மீறிய வலிமையை நன்மைக்குப் பயன்படுத்தும் நாயகன் என்ற வகையில், 1938இல் வந்த சூப்பர்மேனுக்குப் பாப்பாய் முன்னோடி என்று படக்கதை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சூப்பர்மேனை 1941இல் முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர்களும் ஃபிளைஷர் சகோதரர்களே. 'பீனட்ஸ்' வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் முதல் ராபர்ட் கிரம் வரை சீகரைப் போற்றிய ஓவியர்கள் பலர். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகளின் தேசியச் சங்கம் 1971 முதல் 1999 வரை சீகர் பெயரில் விருது வழங்கியது. 1961இல் ராய் லிக்டன்ஸ்டைன் பாப்பாயை வரைந்தது பாப் கலையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று. ஜெஃப் கூன்ஸ் செய்த பாப்பாய்ச் சிற்பம் 2014இல் 2.8 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

1980இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய படத்தில் ராபின் வில்லியம்ஸ் பாப்பாயாகவும் ஷெல்லி டுவால் ஆலிவாகவும் நடித்தார்கள். திரைக்கதை எழுதிய ஜூல்ஸ் ஃபைஃபர் கார்ட்டூன்களை விட்டுவிட்டுச் சீகரின் மூலத்துக்கே போனார். மால்ட்டா தீவில் அந்தப் படத்துக்காக மரத்தால் கட்டிய கிராமம் இன்றும் சுற்றுலாத்தலமாக நிற்கிறது. செஸ்டரில் 1977இல் பாப்பாய்க்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2006இலிருந்து மற்றப் பாத்திரங்களுக்கும் ஒவ்வொன்றாகச் சிலை எழுந்து, ஊரே சீகரின் கதை உலகமாகிவிட்டது.

திரையரங்குப் படங்கள் 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. புதிய தலைமுறை அவனைக் கண்டுகொண்டது. 1960 முதல் தொலைக்காட்சிக்கென 220 குறும்படங்கள் அவசரமாகத் தயாரிக்கப்பட்டன. புளூட்டோ என்ற பெயர் பாரமவுண்டுக்குச் சொந்தம் என்று தவறாக எண்ணியதால் அவற்றில் எதிரியின் பெயர் புரூட்டஸ் ஆனது. இந்தியாவில் 1995 மே மாதம் தொடங்கிய கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகப் பாப்பாய் வீடுகளுக்குள் வந்தான். கீரை சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம் அவன் பெயரைச் சொல்லும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் பரவியது.

குறைகளும் விமர்சனங்களும்

பாப்பாயின் மரபில் மறைக்கக் கூடாத பக்கங்களும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அவன் கடற்படையின் வெள்ளைச் சீருடை அணிந்தான். 1942இல் வந்த சில படங்கள் ஜப்பானியரை மிக இழிவாகச் சித்திரித்தன. பழைய படங்களில் கறுப்பினத்தவரையும் பழங்குடியினரையும் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் உண்டு. இவை நெடுங்காலம் ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. போர்க்காலப் படங்கள் 2008இல் டிவிடியாக வந்தபோது, அக்கால மனப்பான்மையைக் காட்டும் ஆவணமாகப் பார்க்கும்படி எச்சரிக்கைக் குறிப்போடு வெளியிடப்பட்டன.

சிக்கலைக் கைக்குத்தால் தீர்ப்பதும், இரண்டு ஆண்கள் இழுபறி செய்யும் பொருளாக ஆலிவ் நிற்பதும் இன்னொரு விமர்சனம். இது திரைப்படங்களுக்கே கூடுதலாகப் பொருந்தும். சீகரின் ஆலிவ் வாயாடி, பிடிவாதக்காரி, வேண்டுமானால் தானே சண்டைக்கு இறங்குபவள். 1978இல் ஹன்னா-பார்பெரா நிறுவனம் தயாரித்த தொலைக்காட்சித் தொடரில் அடிதடியைக் குறைக்க நேர்ந்தபோது, படத்தின் உயிரும் குறைந்தது. அவன் வாயில் இருக்கும் சுங்கானும் கேள்விக்குள்ளானது. அவன் பெயரில் விற்ற சிகரெட் வடிவ மிட்டாய்கள் வெறும் மிட்டாய்க் குச்சிகளாகப் பெயர் மாறின.

உரிமை முடிந்த பின்

சீகர் இறந்து 70 ஆண்டுகள் நிறைந்ததால் ஐரோப்பிய நாடுகளில் 2009 ஜனவரி 1 முதல் அவருடைய படங்கள் பொதுவுடைமையாயின. அமெரிக்காவில், வெளிவந்து 95 ஆண்டுகள் நிறைந்த முறையில் 2025 ஜனவரி 1 அன்று 1929ஆம் ஆண்டுப் பாப்பாய் பொதுவுடைமையானான். பின்னர் சேர்ந்த பாத்திரங்களும் படங்களும் தத்தம் காலக்கெடுவின்படி ஒவ்வொன்றாக வரும். வணிகச் சின்னமாக அவன் பெயர் உரிமையாளரிடமே தொடர்கிறது. உரிமை முடிந்த கையோடு முதலில் வந்தவை அவனைக் கொலைகாரனாகக் காட்டும் மலிவுத் திகில் படங்கள். பொதுவுடைமையான எந்தப் பாத்திரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அதே உரிமை நல்ல ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் திறந்திருக்கிறது.

சட்டப்படி 2025இல் அமெரிக்காவில் பொதுவுடைமையானது கோழியின் தலையைத் தடவி உயிர் பிழைத்த, கீரை தெரியாத 1929ஆம் ஆண்டுப் பாப்பாய். படிப்பில்லாதவன், பணமில்லாதவன், ஒரு கண்ணை இழந்தவன், ஆனால் பொய் பேசாதவன், எளியவரை அடிப்பதைப் பார்த்துப் பொறுக்காதவன். வாசகர்கள் சீகரிடம் திரும்பக் கேட்டுப் பெற்றது அவனைத்தான். கீரை டப்பா, அடையாளப் பாடல், புளூட்டோவோடு முடியாத சண்டை ஆகியவை அந்தக் குணத்தின் மேல் பிறர் அடுக்கடுக்காகச் சேர்த்தவை.